ஒதிலியாவின் கையெழுத்து

"இது உங்க கையெழுத்துதானே, மேடம்?"

கட்டட உரிமையாளரின் வக்கீல் ஹாஸ்கெல், தன் ஆபீஸில், காகிதத்தை ஒற்றை விரலால் மேசைமேல் தள்ளினார்.

ஒதிலியா கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். பக்கத்து நாற்காலியில் தம்பி நிகானோர் முழங்காலை ஆட்டிக்கொண்டிருந்தான்.

சான் அன்டோனியோவின் அந்த நான்கு மாடிக் கட்டடத்தின் உட்சுவர்கள் அத்தனையும் அவளுடைய ஆட்கள் போட்டவை. பெரிய கான்ட்ராக்டர் உரிமையாளரிடம் பணத்தை வாங்கிக்கொண்டு, இவளுக்கு ஒரு டாலர்கூடத் தராமல் கம்பெனியை இழுத்து மூடிவிட்டான்.

அவளிடம் மிச்சமிருந்தது ஒரே பிடி. கூலி வராத துணைக் கான்ட்ராக்டர், கட்டடத்தின் மேலேயே உரிமை கோரிப் பதிவு செய்யலாம். அதைத் தீர்க்காமல் யாரும் வாங்க வரமாட்டார்கள். அவள் பதிவு செய்துவிட்டாள். கட்டடம் அடுத்த வாரம் கைமாற இருந்தது.

"வேண்டாம்க்கா, வக்கீலுங்களோட மல்லுக்கட்ட நம்மால ஆகாது" என்று ஒரு வாரமாகக் கெஞ்சினான் நிகானோர். பயந்தாங்கொள்ளி என்று திட்டி, வண்டியை ஓட்டச் சொல்லி இழுத்து வந்திருந்தாள்.

காகிதத்தில் இரண்டே வரி. முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன். இந்தக் கட்டடத்தின்மேல் எனக்கு இனி எந்த உரிமையும் இல்லை.

கீழே அவள் பெயர். ஜூன் பதினொன்று.

ஜூன் பதினொன்றில் அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பித்தப்பையை எடுத்த மறுநாள். அவளுடைய ஆபீஸ் சாவி அன்று ஒருவனிடம்தான் இருந்தது.

முழங்கால் ஆட்டம் நின்றுவிட்டது.

"உங்களோடது இல்லைன்னா தாராளமா சொல்லுங்க" என்றார் ஹாஸ்கெல். "ஆனா அது போலீஸ் கேஸ். யார் போட்டதுன்னு ரெண்டே நாள்ல கண்டுபிடிச்சிடுவாங்க."

நிகானோரின் குடியுரிமை மனு இன்னும் முடிவாகவில்லை. ஒரு வழக்கு போதும், எல்லைக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடுவார்கள். அவன் பெண்கள் இரண்டும் இந்தப் பக்கம் நிற்கும்.

ஒதிலியா கண்ணாடியைக் கழற்றினாள்.

"என்னோடதுதான்."

ஹாஸ்கெல் ஃபைலை மூடினார். பதிவை ரத்து செய்யும் தாளை நீட்டினார். அதில் அவள் உண்மையாகவே கையெழுத்துப் போட்டாள்.

அக்காவும் தம்பியும் லிஃப்டில் இறங்கினார்கள். அவன் சுவரைப் பார்த்தபடி சொன்னான்.

"அந்தக் கான்ட்ராக்டர்தான், இதுல உன் கையெழுத்து வாங்கிட்டு வந்தா வெள்ளிக்கிழமை செக் தர்றேன்னான்க்கா. நீ கண்ணு முழிக்கறப்போ கையில காசு இருக்கணும்னு... அப்புறம் சொல்ல வாய் வரல."

"நாலு மாசமா வரலையா?"

அவன் அழ ஆரம்பித்தான்.

லிஃப்ட் கதவு திறந்தது. கண்ணாடிச் சுவருக்கு வெளியே, வண்டிகள் நிற்கும் இடத்தில், அவளுடைய ஆட்கள் ஆறு பேர் வெயிலில் காத்திருந்தார்கள். பத்து வாரக் கூலி வராதவர்கள். அவளைக் கண்டதும் ஒருவன் தொப்பியைக் கழற்றிச் சிரித்தான்.

"வக்கீல்கிட்ட நான் சொல்லிட்டேன்" என்றாள் ஒதிலியா. "இவங்ககிட்ட நீ சொல்லு."

நிகானோர் அசையவில்லை. கதவு மூடப் பார்த்தது. அவள் காலை வைத்துத் தடுத்து நின்றாள், அவன் வெளியே வரும்வரை.