அருள்மொழி தேறாத காரணம்

கல்லூரிக் கூடைப்பந்து அணியில் அருள்மொழியை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால், ஆட்டக்காரர்களின் திறமையை எடைபோடும் கணினி இயந்திரமோ, அவள் தொழில்முறை அணிக்கு லாயக்கில்லை, ஓராண்டில் ஆட்டத்தையே விட்டுவிடுவாள் என்றது. எவனோ இயந்திரத்துக்குள் கைவைத்துக் கணக்கை மாற்றியிருக்கிறான் என்று பயிற்சியாளர் ஸ்டெல்லாவுக்குச் சந்தேகம். இயந்திரத்திடமே காரணம் கேட்டாள்.

'தாயாரைக் கவனிக்க வேண்டியிருக்கும்' என்று திரையில் வந்தது.

ஸ்டெல்லாவுக்குச் சிரிப்பு வந்தது. அருள்மொழியின் அம்மா கேலரியில் எழுந்து நின்று விசிலடித்துக்கொண்டிருந்தார். இருந்தாலும் மனம் கேட்காமல் அவரிடம் போனாள்.

"ஏங்க்கா, உடம்புக்கு ஏதும் பண்ணுதா?"

அம்மாவின் முகம் வெளிறியது. சட்டென்று ஸ்டெல்லாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்களுக்கு யாரு மிஸ் சொன்னது? நான் டாக்டரைப் பாத்தது எம் பொண்ணுக்கே தெரியாதே!"