துபாய் தபால்

தண்ணீர்க் குடத்தைக் கூடாரத்து வாசலில் இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தவனைப் பார்த்ததும் ஆறுமுகச்சாமிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஏலே... நீ துரைப்பாண்டில்லா?"

அவன் முகம் செத்துப் போயிற்று. விறுவிறுவென்று சவுக்குத் தோப்புக்குள் நடந்தான்.

சந்தேகமே இல்லை. சங்கரன்கோவிலில் அவருக்கு எதிர்வீட்டுக்காரன். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் துபாய்க்குப் போனவன். அவன் பெண்டாட்டி வள்ளித்தாய்க்கு மாசம் தவறினாலும் துபாய் ஸ்டாம்பு ஒட்டின கடுதாசி தவறாது. அந்த ஆள், மணப்பாட்டுக்குத் தெற்கே, ரோடும் கரண்டும் இல்லாத இந்தக் கடற்கரைக் காட்டில், சர்வே கேம்புக்குத் தண்ணீர் சுமக்கிறான்!

சர்வே ஆபீஸ் கிளார்க்கான ஆறுமுகச்சாமி, ஒரு மாசம் தங்கிக் கணக்கெழுத வேண்டும் என்ற உத்தரவோடு நேற்றுத்தான் அங்கே வந்து சேர்ந்திருந்தார். பக்கத்தில் ஊர் என்று சொல்ல ஆறு மைலுக்கு ஒன்றும் கிடையாது. கடல் இரைச்சல், நரி ஊளை, படுக்கையில் மணல், சோற்றில் மணல். 'இங்கே மனுஷன் இருப்பானா' என்று காலையில்தான் அலுத்துக்கொண்டார்.

துரத்திக்கொண்டு போய்க் கரையோரத்தில் மடக்கினார்.

"துபாய்னு சொல்லிட்டு இங்கன என்னலே பண்ணுதே?"

"அண்ணாச்சி, ஊருக்குள்ள சொல்லிராதிய."

"சொல்லாம?"

"பம்பாய் வரைக்கும் போனேன். அதுக்கு மேல போக முடியல. மாமனார் புஞ்சையை வித்துல்லா என்னை அனுப்பி வச்சாரு. வெறுங்கையோட எந்த முகத்தை வச்சுக்கிட்டுத் திரும்பி வருவேன்? உப்பளத்துல கொஞ்ச நாள் கிடந்தேன். பொறவு இங்கன வந்து ஒதுங்கிட்டேன்."

"அப்போ வள்ளித்தாய்க்கு வருத துபாய்க் கடுதாசி?"

துரைப்பாண்டி கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

ஆறுமுகச்சாமிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"பிள்ளைக்குக் காது குத்தக்கூட, 'அவுக துபாய்ல இருந்து வரட்டும்'னு காத்துக்கிட்டு இருக்காலே அந்தப் பொண்ணு! உன்கூட ஒரே பஸ்ஸுல ஏறினவன்தான என் தம்பி சங்கரபாண்டியும்? அவன் துபாய்ல வேகாத வெயில்ல நின்னு கம்பி கட்டுதான். வீட்டுக்குப் பணம் அனுப்புதான். அவன் ஆம்பிளை! நீ கட்டினவளை ஏமாத்திட்டு மணலுக்குள்ள ஒளிஞ்சு கிடக்கே. த்தூ!"

"ஆமா அண்ணாச்சி. சங்கரபாண்டி நல்ல உழைப்பாளி."

அந்தப் பணிவு அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. திரும்பி வந்த வேகத்தில் டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு இன்லண்ட் லெட்டரை எடுத்தார்.

'வள்ளித்தாய்க்கு எழுதிக்கொண்டது. உன் புருஷன் துபாயில் இல்லை. உன்னையும் ஊரையும் ஏமாற்றிக்கொண்டு...'

இரண்டு பக்கமும் நிறைய எழுதி ஒட்டினார். கேம்புத் தபாலையும் மாட்டு வண்டியில் கொண்டுபோய்ச் சேர்க்கிறவன் துரைப்பாண்டிதான் என்று சமையல்காரர் சொன்னார்.

நல்லதாகப் போயிற்று.

வண்டி பூட்டிக்கொண்டிருந்தவனிடம் நீட்டினார். "உன் கையாலயே போடு. போட்டியா இல்லையான்னு பத்து நாள்ல தெரிஞ்சிரும்."

துரைப்பாண்டி விலாசத்தைப் படித்தான். கண் கலங்கியது. காக்கிப் பையைத் திறந்து உள்ளே வைத்தான். ஏற்கெனவே உள்ளே இருந்த ஒரு ஏர்மெயில் கவர் நழுவி மணலில் விழுந்தது.

ஆறுமுகச்சாமி குனிந்து எடுத்தார். பெயரைப் பார்த்தார்.

சங்கரபாண்டி, துபாய்.

"என் தம்பிக்கு நீ எதுக்குலே எழுதுதே?"

"வள்ளித்தாய்க்கு எழுதுத கடுதாசியை இதுக்குள்ள வச்சு அனுப்புவேன். அவன் அங்கன வேற கவர்ல போட்டு, ஸ்டாம்பு ஒட்டி அனுப்புவான்."

"அவனும் இந்தக் களவாணித்தனத்துக்குக் கூட்டா?"

"அவனை ஏசாதிய அண்ணாச்சி." துரைப்பாண்டி மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றான். பிறகு மெதுவாகச் சொன்னான். "பம்பாய்ல வச்சு, ஒரு விசாதான் இருக்குன்னு ஏஜென்ட் கையை விரிச்சுட்டான். யாரு போறதுன்னு சீட்டுக் குலுக்கிப் போட்டோம். என் பேரு விழுந்துச்சு."

"உன் பேரா?"

"ஆமா. அன்னைக்குச் சாயங்காலம் சங்கரபாண்டியைக் காணோம். தேடிப் போனா, தண்டவாளத்துல தலை வச்சுப் படுத்திருக்கான். ரயிலு வந்துட்டு இருக்கு. காலைப் பிடிச்சு இழுத்து இந்தப் பக்கம் போட்டேன். அழுகை ஓயல அவனுக்கு. நீயே போலேன்னு, விசாவை அவன் பேருக்கு மாத்தி ஏத்தி விட்டுட்டேன்."

ஆறுமுகச்சாமி வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார். பைக்குள்ளிருந்து தன் இன்லண்ட் லெட்டரை உருவிச் சுக்கல் சுக்கலாகக் கிழித்தார்.

"சாகுத அளவுக்கு அவனுக்கு என்னலே வந்துச்சு? திரும்பி வந்திருந்தா எங்க வீட்டுல அவனுக்கு ஒரு வாய்ச் சோறு இல்லாமலா போயிரும்?"

துரைப்பாண்டி அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"'சம்பாதிக்காம திரும்பி வந்தா எனக்குத் தம்பியே கிடையாதுன்னு தலை முழுகிருவேன்'னு, பஸ் ஸ்டாண்டுல வச்சு நீங்கதான் சொல்லி அனுப்புனியளாம் அண்ணாச்சி."