யாரும் மிதிக்காத புல்

இங்கே வந்து பாருங்கள், என் கண்மணிகளே. போர் நடந்து முடிந்த முள்ளியவளையில் நடுப்பகல், ஆனால் படப்பிடிப்புக்காக ஊதிய செம்மஞ்சள் புகையில் சூரியனே மங்கிக் கிடக்கிறது. உலகம் அழிந்தபின் மிஞ்சிய ஒரே சிறுமியாக, வெள்ளித்தாள் உடுப்பில் சப்னா நிற்கிறாள். முன்னே, தூரத்து வேலிவரை இடுப்பளவு புல். "யாரும் மிதிக்காத புல் எண்டாத்தான் வடிவு. ஓடு பிள்ளை!" என்கிறான் இயக்குநர் தர்ஷன். பிறகு அவளுடைய தாய் ஸஹீலாவைப் பார்த்து, "மிதிவெடியெல்லாம் எப்பவோ எடுத்தாச்சு அக்கா, பயப்பிடாதேங்கோ" என்கிறான். ஸஹீலா முக்காட்டை இறுக்கிக்கொண்டு தானே புல்லுக்குள் இறங்குகிறாள். "ஐயோ அக்கா, என்ர காட்சி போச்சு!" புகை அவளை மூடுகிறது. புல்லின் சரசரப்பு மட்டும் கேட்கிறது. அதுவும் நிற்கிறது. "உம்மா!" என்று கத்துகிறாள் சப்னா. மறுபடி சரசரப்பு. அந்தப் பக்க வேலியிலிருந்து குரல் வருகிறது: "இப்ப வா மகள். நான் மிதிச்ச இடத்தில மட்டும் காலை வை."