மூன்றாம் மாடி அழைப்பு

"வரமாட்டேன்னா வரமாட்டேன். விட்டுரு மாரி. கீழ் வீட்டுல போய்க் கூப்பிடு."

சொல்லிவிட்டு முருகம்மாள் உலையில் அரிசியைப் போட்டாள். ஒரு ஆளுக்கு அரை டம்ளர் போதும். கணவர் வானமாமலை போய்ச் சேர்ந்து பத்து மாதம் ஆகியும் அவள் கை ஒன்றரை டம்ளர்தான் அளக்கிறது. மிச்சத்தில் தண்ணீர் ஊற்றி வைத்தால் மறுநாள் காலைப் பாடு முடிந்தது.

மேல் வீட்டு மாரிசெல்வி நகரவில்லை. சமையலறை வாசலிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"சனிக்கிழமை சாயந்தரம் அஞ்சு மணிக்கு எங்க வீட்டுல ஹல்தி குங்கு. நீங்க வரணும். அவ்வளவுதான்."

மும்பை திலக் நகரின் அந்தக் கட்டடத்தில் பொங்கல் முடிந்தால் ரத சப்தமி வரைக்கும் இதே வேலைதான். சுமங்கலிகள் ஒருத்தி வீட்டுக்கு ஒருத்தி போய் மஞ்சள் குங்குமம் வைத்துக்கொள்வார்கள். எள்ளுருண்டை தின்று, ஒரு சின்னப் பரிசும் வாங்கிக்கொண்டு, வந்ததற்கு நாலு வீட்டுக் கதையும் பேசிவிட்டுத் திரும்புவார்கள். மராத்திக்காரர்களின் வழக்கத்தை அங்கிருந்த தமிழ்க் குடும்பங்களுக்குப் பழக்கிவிட்டதே முருகம்மாள்தான். இருபது வருஷமாக முதல் நாள் அவள் வீட்டில்தான் நடக்கும். இந்த வருஷம் அவளை ஒருவரும் கூப்பிடவில்லை. யாருக்கும் கெட்ட எண்ணமில்லை. எப்படிக் கூப்பிடுவது என்ற சங்கடம்தான்.

"யார் வரலாம், யார் வரக்கூடாதுன்னு எனக்குத் தெரியாதாட்டி? இதே பில்டிங் செல்வம் செத்தப்போ கூப்பிடுற லிஸ்டுலருந்து அவன் பொண்டாட்டி பேரை அடிச்சது யாரு? நான்தானே. அவளுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?"

மாரிசெல்வி பேச்சை வேறு பக்கம் திருப்பினாள்.

"அண்ணாச்சி பூட்டு வாங்கிட்டு வந்தாகளே, அந்த வருஷம் ஞாபகம் இருக்காக்கா?"

முருகம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பரிசுக்குக் கிண்ணம் வாங்கி வரச் சொல்லி வானமாமலையை மாட்டுங்கா மார்க்கெட்டுக்கு அனுப்பியிருந்தாள். மனிதர் மலிவாகக் கிடைத்ததென்று முப்பது பூட்டோடு வந்து இறங்கினார்.

"குங்குமத்தோட பூட்டைக் குடுத்தா எவ வாங்குவா? நான் உக்காந்து அழுதேன். வீட்டுக்கு ஆகுற பொருள்தானேன்னு அவுக சிரிக்காக."

"எதிர் வீட்டு பத்மஜா இன்னைக்கும் அதைத்தான் வாசல்ல தொங்க விட்டிருக்கா."

"பொம்பளையாளு எல்லாம் போற வரைக்கும் கீழ கேட்டுலதான் உக்காந்திருப்பாக. மேல வந்ததும் டப்பாவைத் திறந்து பாத்துட்டு, எனக்குன்னு ஒரு எள்ளுருண்டைகூட எடுத்து வைக்கலையாம்பாக. நான் வேணும்னேதான் ஒளிச்சு வைப்பேன். அவுக அப்படிக் கேக்கணும்னு."

அப்படிக் கேட்க ஆளில்லாமல் போனதுதான் முருகம்மாளுக்குப் பெரிய குறை. மற்ற குறைகளுக்கு மகன் மாதம் ஒருமுறை பூனாவிலிருந்து வந்து போகிறான். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்பைக் குறைத்தாள்.

"எங்க வீட்டுக்காரவுகளும் கூடத்தானே உக்காந்திருப்பாக," என்றாள் மாரிசெல்வி. "ரெண்டு பேரும் ஒரே வடாபாவைப் பிச்சுத் தின்பாக. இவுகளுக்குக் காரம் ஆகாது. பச்சை மிளகாயை அண்ணாச்சி பக்கம் தள்ளிருவாக."

அவள் கணவன் மாரீஸ்வரன் ஏசி மெக்கானிக். ஆறு வருஷத்துக்கு முன்னால் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போனவன். பிள்ளைகள் இல்லை. மாரிசெல்வி ஒரு கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிற வேலை பார்க்கிறாள்.

"தம்பி இந்த வருஷமாச்சும் லீவுல வருதா?"

"கம்பெனில விடணும்லாக்கா."

"பாத்தியா, அதுக்குத்தான் சொல்லுதேன்." முருகம்மாள் கரண்டியை வைத்துவிட்டு அவள் முன்னால் வந்து உட்கார்ந்தாள். "கடலைத் தாண்டி இருக்குற மனுஷன். நான் வந்து உன் வீட்டு விசேஷத்துல நிக்கப் போய், நாளைக்கு அவருக்கு ஒரு தலைவலி காய்ச்சல்னாலும் இந்த பில்டிங்கே என்னையச் சொல்லும். அவளுக சொல்லுறது இருக்கட்டும், எனக்கே மனசு கேக்காது. உன் தாலி பத்திரமா இருக்கணும்ட்டி. நான் வரல."

"நீங்க வந்தா அவுகளுக்கு ஒண்ணும் ஆகாதுக்கா."

"அதை நீ எப்படிச் சொல்ல முடியும்?"

"ஆகாதுக்கா. எனக்குத் தெரியும்."

"கிறுக்கச்சி மாதிரி பேசாத. எனக்கும்தான் ஒண்ணும் ஆகாதுன்னு இருந்துச்சு. காலையில காபி குடிச்ச மனுஷன் மத்தியானம் இல்லை. உனக்கு மட்டும் யாரு எழுதிக் குடுத்திருக்கா?"

மாரிசெல்வி எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து முருகம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். குரல் மட்டும் தணிந்திருந்தது.

"அவுக போய்ச் சேந்து நாலு வருஷத்துக்கு மேல ஆச்சுக்கா. கொரோனாவுல மஸ்கட்டுலயே அடக்கத்தையும் முடிச்சுட்டாக. சொல்லியிருந்தா அன்னையிலருந்து நீங்க என்னையக் கூப்பிட்டிருப்பீங்களா?"