நாற்பத்தோராவது மூடி

“பாராட்டி ஒரு ராத்திரிகூட முழுசா ஆகலை. அதுக்குள்ள ராஜினாமாவா?”

குவபாரா அந்த வெள்ளை உறையை மேஜைமேல் விட்டெறிந்தார். எதிரே நின்றிருந்தார் ஃபுகாமி அம்மாள். ஜப்பானில், நகோயாவில் இருக்கும் அந்தக் கெட்டில் கம்பெனி அலுவலகத்தில் அவருக்கு இருபத்தாறு வருஷம். மேலதிகாரிகளின் கோபம் அடங்கும்வரை நிற்கப் பழகியவர்.

“மியோஷி எங்க இப்போ?”

“காலையிலயே வந்து மேஜையைத் துடைச்சு வெச்சுட்டுப் போயிட்டாங்க, புச்சோ. மிச்சமிருக்கற லீவைக் கழிச்சுக்கறாங்களாம். எல்லார் மேஜைலயும் அரிசி பிஸ்கட் வெச்சிருக்காங்க. உங்களுக்கும் ஒண்ணு.”

புச்சோ என்றால் துறைத்தலைவர். அங்கே யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

“நேத்து அழுதாங்களே, சந்தோஷத்துலதானே அழுதாங்க?”

“எங்களுக்கும் கண் கலங்கிடுச்சு, புச்சோ” என்றார் ஃபுகாமி. கேட்டதற்கு அது பதிலில்லை என்பது குவபாராவுக்கு உறைக்கவில்லை.

பத்தொன்பது வருஷம் அமெரிக்காவில் இருந்துவிட்டு ஆறு மாதம் முன்புதான் திரும்பியிருந்தார். வந்த நாள் முதல் ஒரே புலம்பல். இங்கே ஒருவரும் புதிதாக எதையும் செய்து பார்ப்பதில்லை. தோற்றுவிட்டால் இடுப்பு ஒடியக் குனிந்து மன்னிப்புக் கேட்க வேண்டுமே, அதற்குச் சும்மா இருந்துவிடலாம் என்று இருக்கிறார்கள். அங்கே அப்படியா? தோற்றவனை நடுவில் நிறுத்திக் கைதட்டுவார்கள். அவனும் மறுநாளே இன்னும் பெரிதாக ஒன்றில் இறங்குவான்.

மியோஷி ஒருத்திதான் விதிவிலக்கு. வேலைக்கு வந்து மூன்று வருஷம்கூட ஆகாத பெண். கை நடுங்குகிற வயதானவர்கள் ஒரே விரலால் திறக்கும்படி கெட்டிலுக்கு ஒரு மூடி செய்கிறேன் என்று கிளம்பினாள். நாற்பது மூடி செய்தாள். நாற்பதும் ஒழுகின.

மன்னிப்புக் கேட்கக் குனிந்தபடி வந்தவளை அவர் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. ஃபுகாமியை அனுப்பிப் பூங்கொத்து வாங்கிவரச் சொன்னார். சாயங்காலம் துறையையே எழுந்து நிற்க வைத்து, “இவ்வளவு நாள் பாடுபட்டதுக்கு ரொம்ப நன்றி, மியோஷிசான்” என்று மரியாதைக்குரிய ‘சான்’ சேர்த்துச் சொல்லி அவள் கையில் கொடுத்தார். இருபத்து மூன்று பேரும் கைதட்டினார்கள். நெடுநேரம் தட்டினார்கள். அவள் குனிந்த தலை நிமிரவே இல்லை.

அதற்குக் கிடைத்த பரிசு, இந்த வெள்ளை உறை.

மத்தியானம் லிஃப்டில் உற்பத்தித்துறை ஒனோதேரா சிரித்தார்.

“பூவெல்லாம் கொடுத்தீங்களாமே. உங்களுக்கு நல்ல மனசு. நானா இருந்தா ரூமுக்குக் கூப்பிட்டு ரெண்டு வார்த்தையில முடிச்சிருப்பேன்.”

நக்கலடிக்கிறான் என்று குவபாரா எண்ணிக்கொண்டார்.

வேறு கம்பெனிக்காரன் எவனோ அவளுக்கு வலை வீசியிருக்கிறான். எல்லாம் பேசி முடித்துவிட்டுத்தான் பூவையும் வாங்கிக்கொண்டிருக்கிறாள். போகட்டும். போன் செய்து கெஞ்ச வேண்டிய அவசியம் தனக்கு இல்லை. அப்படி நினைத்தே மூன்று வாரத்தை ஓட்டிவிட்டார்.

மூன்றாவது வாரக் கடைசியில் ஃபுகாமி தண்ணீர் நிரப்பிய ஒரு கெட்டிலோடு அவர் அறைக்குள் வந்தார்.

“மியோஷிசான் நோட்டு, கடைசிப் பக்கம். இன்னொரு மூடி வரைஞ்சு வெச்சிருந்தாங்க. மனசு கேக்கலை. பட்டறையில சொல்லிச் செஞ்சு பார்த்தேன். கேக்காம செஞ்சதுக்கு மன்னிக்கணும்.”

கெட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தார். மேஜைமேல் ஒரு சொட்டு விழவில்லை.

குவபாரா அந்த மூடியை ஒரு விரலால் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

“அவங்களைத் திரும்பக் கூப்பிடணும்.”

“திரும்பவா?” ஃபுகாமியின் முகம் ஒரு மாதிரி ஆனது. “அதெப்படி, புச்சோ...”

“ஏன், கூப்பிடக் கூடாதா?”

“கூடாதுன்னு இல்லை. நீங்க முடிவு பண்ணினா சரிதான்.”

அவர் அப்போதே எண்ணைத் தேடி எடுத்துப் போன் செய்தார். சொந்த ஊரான தொத்தோரியில் இருந்தாள் மியோஷி.

“உங்க நாப்பத்தோராவது மூடியைச் செஞ்சு பார்த்தோம். ஒழுகலை.”

“அப்படிங்களா. நல்லதாப் போச்சு, புச்சோ.”

“திரும்பி வந்துடுங்க. உங்க மேஜையை இன்னும் யாருக்கும் கொடுக்கலை.”

“இங்க நகராட்சி ஆபீஸ்ல சேர்ந்துட்டேன். பிறப்பு, இறப்புப் பதிவு. தப்பு வர்றதுக்கே வழியில்லாத வேலை. இனிமே வரையறதா இல்லை, புச்சோ.”

“வேற கம்பெனி எதுவும் இல்லையா?”

“எனக்கு யார் வேலை தருவாங்க?”

மூன்று வாரமாக நெஞ்சில் கிடந்த முள் அவர் வாயில் வந்துவிட்டது.

“அப்புறம் ஏன் போனீங்க? உங்களை நான் ஒரு வார்த்தை திட்டலையே. அத்தனை பேர் முன்னாடி பாராட்டினேன். மறுநாள் காலையிலயே கடுதாசி வெச்சுட்டீங்க.”

“பாராட்டா? எப்போ, புச்சோ?”

“என்ன இப்படிக் கேக்கறீங்க? எழுந்து நின்னு, பூ கொடுத்து, கைதட்டினோமே.”

அவள் குரலில் துளிக் கோபமில்லை.

“எங்கப்பா ரயில்வேல முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்தாரு. கடைசி நாள் அவரை அப்படித்தான் எல்லாரும் எழுந்து நின்னு, பூ கொடுத்து, கைதட்டி அனுப்பினாங்க. மூணு வருஷம்கூட முடிக்காத என்னையும், ‘நாளைலேர்ந்து வராதே’ன்னு வாய்விட்டுச் சொல்லாம, அதே மரியாதையோட அனுப்பி வெச்சீங்க. அதுக்கு நான்தான் இன்னும் உங்களுக்கு நன்றி சொல்லலை, புச்சோ.”