பெரியக்காவோட இடுப்பளவு

ஒரு மாவு மில்லுல பெல்ட்டு மாட்டுற சக்கரமா ரெண்டு புல்லி இருந்துச்சு. மோட்டார்ல மாட்டுனது குட்டி, அரைக்கிற மெஷின்ல மாட்டுனது பெரியக்கா. ஒருநாள் ரெண்டு பேரையும் சேர்த்துச் சுத்தவச்ச பெல்ட்டு அறுந்துபோச்சு. சாயங்காலத்துக்குள்ள மில்லு ஓடலைன்னா, இந்த மோட்டாரு உதவாதுன்னு குட்டியையும் சேர்த்துப் பழைய இரும்புக்குத் தூக்கிடுவாங்க.

புது பெல்ட்டுக்கு அளவெடுக்கச் சணல்கயிறு வந்துச்சு. நடுவுல இருக்கிற தூரத்தை மேல ஒருதரம், கீழ ஒருதரம் அளந்துச்சு. குட்டியோட முதுகைப் பாதி சுத்தி அளந்துச்சு. அடுத்து அக்கா பக்கம் திரும்புச்சு.

"ஏய், பொம்பளை இடுப்புல கை வைப்பியா? வாயால சொல்றேன், குறிச்சுக்கோ. பாதிச் சுத்துக்கு ரெண்டு சாண்!"

மூணு சாண்னு குட்டிக்குத் தெரியும். தினம் எதிர்லயே நிக்கிற இடுப்பாச்சே! ஆனா வாயைத் திறக்கல.

பெல்ட்டு வந்துச்சு. சரியா ஒரு சாண் பத்தல.

"இந்தக் கயித்துக்கு அளக்கவே தெரியல!"ன்னு அக்கா கத்துச்சு. ஆனா குட்டி பக்கம் மட்டும் திரும்பவே இல்ல.

குட்டி கீழ குனிஞ்சு, "போல்ட் அண்ணே, பிடியைக் கொஞ்சம் விடுங்களேன்"னுச்சு. மோட்டாரை இறுக்கிப் பிடிச்சிருந்த போல்ட்டு இளகுச்சு. மோட்டாரோட சேர்ந்து குட்டி அரைச் சாண் முன்னாடி நகர்ந்து வந்துச்சு. பெல்ட்டு கச்சிதமா உக்காந்துச்சு. மில்லு ஓடுச்சு.

கொஞ்ச நேரம் சுத்துனப்புறம் அக்கா மெல்லக் கேட்டுச்சு. "டேய், தப்பு கயித்து மேலதானே?"

"அதெல்லாம் இல்லக்கா. இத்தனை நாளா நான்தான் உன்னைவிட்டுத் தள்ளி நின்னுட்டேன்."

அக்கா இன்னொரு சுத்து சுத்துச்சு.

"மூணு சாண்டா"ன்னுச்சு.