சத்தம் வரணும் சார்

"இதுவும் வேண்டாம் சார்" என்று பென்டிரைவைப் பிடுங்கினார் ஆபீஸ் சிஸ்டம்காரர்.

அது ஐந்தாவது கம்ப்யூட்டர். கடைக்காரர் முகம் கடுகடுத்தது. மேனேஜர் முகமோ எப்போது வெடிக்குமோ என்றிருந்தது.

"இதுல என்னய்யா குறை?"

"நம்ம ஆபீஸ் விண்டோஸை விட்டு லினக்ஸுக்கு மாறுதில்லையா சார். இதுல அதைப் போட்டா வைஃபை வருது, பிரிண்டர் ஓடுது. சத்தம் மட்டும் வரல."

"சத்தம் எதுக்கு? நாம என்ன கச்சேரியா நடத்தறோம்?"

"வரணும் சார்."

மணி நாலே கால். ஐந்துக்குள் ஆர்டர் போகாவிட்டால் பன்னிரண்டு கம்ப்யூட்டருக்கான அனுமதியும் காலாவதி. மேனேஜர் உட்கார்ந்தார், எழுந்தார், வாசல்வரை போய்த் திரும்பினார். வழியில் கிடந்த அட்டைப்பெட்டியில் இடித்துக்கொண்டு அதையும் திட்டினார்.

கடைக்காரர் விலைப்பட்டியலை நீட்டினார்.

"நீ படிய்யா" என்று அதை சிஸ்டம்காரரிடம் தள்ளினார் மேனேஜர்.

ஆபீஸிலும் இதே கதைதான். ஆறு மாதமாக எந்த ஃபைலையும் அவர் படிப்பதில்லை. யாராவது எதிரே நின்று வாசிக்க வேண்டும். ஐயா ராஜா மாதிரி கண்ணை மூடிக் கேட்பார். தலைக்கனம் என்று ஆபீஸே முணுமுணுக்கும்.

சிஸ்டம்காரர் படித்துக் காட்டிவிட்டு, ஆறாவதைப் பார்க்க உள்ளே போனார்.

கடைக்காரர் மேனேஜர் காதருகே குனிந்தார். "தப்பா நினைக்காதீங்க சார். வேற கடையில கமிஷன் பேசியிருப்பார். இல்லேன்னா சத்தம் வரலன்னு யாராவது வேண்டாம்பாங்களா?"

"எனக்குத் தெரியாதா? நாலு நாளா கடை கடையா அலையவிடறான். காலையிலேயே புகார் டைப் அடிச்சு வச்சுட்டேன். நானே அடிச்சேன், டைப்பிஸ்டா சேர்ந்தவன்யா நான். இன்னைக்கு ஆர்டர் போகலேன்னா இவன் வேலை போச்சு!"

உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. "கோப்புகள். அஞ்சல். அச்சிடு."

"யாருய்யா அது?"

"கம்ப்யூட்டர் சார்!" சிஸ்டம்காரர் முகமெல்லாம் சிரிப்பாக வெளியே வந்தார். "திரையில இருக்கறதை வாசிச்சுக் காட்டுது. இதையே போட்டுடலாம். ஆர்டர் ஃபாரத்தைக் குடுங்க, நிரப்பித் தர்றேன்."

மணி நாலே முக்கால். மேனேஜர் அவசரமாகச் சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்து, பிரித்து நீட்டினார்.

சிஸ்டம்காரர் பார்த்தார். முதல் வரியில் கமிஷன் புகார் என்று இருந்தது. இரண்டாவது வரியில் சிஸ்டம்காரரின் பெயர்.

"என்னய்யா முழிக்கிறே? மேலேயே கொட்டை எழுத்துல ஆர்டர்னு போட்டிருக்கே, தெரியல?"

சிஸ்டம்காரர் தாளை மடித்தார். எடுத்த பையிலேயே திரும்ப வைத்தார். பிறகு கடைக்காரருக்குக் கேட்காதபடி சொன்னார்:

"இது வேற காகிதம் சார். ஆர்டர் பேன்ட் பாக்கெட்ல இருக்கும், பாருங்க. உங்க கண்ணைப் பத்தி நான் யார்கிட்டயும் மூச்சு விடல. இன்னும் ரெண்டு வருஷம் சர்வீஸ் இருக்கே உங்களுக்கு... அதுக்குத்தான் சார், சத்தம் வரணும்னேன்."